தாத்தாவின் கேள்வி

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

வளர்ச்சி ஹார்மோன் என்றவுடன் உயரம்தான் நம் நினைவுக்கு வரும். பிட்யூட்டரி சுரப்பியில் ஊறுவது, மிகுந்தால் அசுர வளர்ச்சி, குறைந்தால் குள்ளம் என்று எழுதி நானும் மதிப்பெண் வாங்கியவன்தான்.

செய்முறை வகுப்பில் ஒருநாள் 96 மணி நேரக் கோழிக் கருவை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கரிய பொட்டாகக் கண் தெரிந்தது. "பிட்யூட்டரி அந்த ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குமுன்பே கோழிக் கருவின் விழித்திரை தானே அதை உண்டாக்கிக்கொள்கிறது" என்றார் பேராசிரியர். வியந்து போனேன். அது அங்கே உயரத்திற்காக அன்று. நரம்புச் செல்களைச் சாவிலிருந்து காக்க! கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தடுத்துப் பார்த்தபோது செல்கள் கூடுதலாக மடிந்தன. ஐ.ஜி.எஃப்.-1 என்னும் வளர்ச்சிக் காரணியும் இக்காவலில் அதற்குத் துணை நிற்கிறது.

எனக்குத் தாத்தாவின் நினைவு வந்தது. முதலில் அவர் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டார். வயதாகிவிட்டது என்றோம். மருத்துவரிடம் போனபோது, கிளாக்கோமா முற்றிவிட்டது என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பை நெரிக்கிறது. மூளைப் பக்கமிருந்து வரும் காப்புப் புரதங்கள் செல்லுக்கு வந்து சேர்வதில்லை. ஒரு கண்ணில் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கும் அச்செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

அன்று மாலையே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதை என் கண்ணில் விட்டால் தெரியுமாடா?" என்றார்.

நான் தலைகுனிந்தேன். காவல்காரன் இருக்கும் பொருளைத்தான் காப்பான். போனதை மீட்டுத் தரமாட்டான். இந்நோய்க்கென்று அந்த ஹார்மோன் இன்னும் மருந்தாகவும் வரவில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சைதான் இருக்கிறது. சொன்னேன்.

சிறிது நேரம் பேசாமலிருந்தவர் கேட்டார்: "சரி, உங்கப்பன் கண்ணைக் காட்டினீங்களா?"

மூன்றாண்டு படித்த எனக்குத் தோன்றாத கேள்வி! மறுநாளே அப்பாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அவருக்கும் அழுத்தம் கூடியிருந்தது. நரம்பில் பாதிப்பு தொடங்கியிருந்தது. வலியில்லை, மங்கலில்லை, அவர் அறியவேயில்லை.

நண்பர்களே, வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். காலத்தே சோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரவுதோறும் அப்பாவின் கண்களில் நான்தான் சொட்டு மருந்து விடுகிறேன். கட்டிலிலிருந்து தாத்தாவின் குரல் வரும்: "விட்டாச்சா?"