ஈட்டிக்குப் பின்னால் ஒரு குதிரை

இளவயதில், நைட் எனப்படும் இடைக்காலக் கவச வீரர்களின் கதையான 'ஐவன்ஹோ' நாவலைப் படித்தபோது என் கண் முழுக்கக் கவசத்தின் மேலும் ஈட்டியின் மேலும்தான். எழுபதைத் தாண்டிய பிறகு அந்தக் காலத்தைப் பற்றி எதைப் படித்தாலும் மனசு குதிரையிடம் போய் நின்றுவிடுகிறது.

ஐரோப்பாவின் இடைக்கால நைட்டுகள் ஏன் குதிரையேறினார்கள்? கவசம் கனத்ததால் நடக்க முடியவில்லை என்று பலர் சொல்வார்கள். அது தவறு. முழுக்கவசம் சுமார் 20, 25 கிலோ. அந்தக் கனமும் உடம்பெங்கும் பிரிந்து உட்காரும். பழகியவர்கள் அதோடு ஓடினார்கள், யார் கையையும் பிடிக்காமல் குதிரை ஏறினார்கள். 1356-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய புவாத்தியே போரில் இரு தரப்பிலும் பெரும்பாலோர் இறங்கி நின்றே சண்டை போட்டார்கள்.

குதிரை தந்தது மோதும் வலு. 11ஆம் நூற்றாண்டிலிருந்து ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாயும் முறை பரவியது. அங்கவடியில் கால் ஊன்றி, முன்னும் பின்னும் உயர்ந்த சேணத்தில் ஆள் இறுகி உட்கார்ந்துவிட்டால், குதிரையின் பாய்ச்சல் அத்தனையும் ஈட்டி முனையில் இறங்கும்.

ஆனால் குதிரை மிரளும் பிராணி. சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு ஜட்கா குதிரை வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு திமிறியது. வண்டிக்காரர் சாட்டையைத் தொடவில்லை. கழுத்தைத் தடவி, காதோரம் ஏதோ பேசிக்கொண்டே நின்றார். நடுக்கம் அடங்கியபின்தான் வண்டியை எடுத்தார். ஒரு வெடிக்கே இப்படியென்றால், ஈட்டிக் கூட்டத்தை நோக்கி ஒரு குதிரையை ஓடச்செய்ய எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்! நைட் ஆகவேண்டிய பையன்களும் முதலில் குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்துவிட்டுத்தான் வளர்ந்தார்கள். பயணத்துக்கு வேறு குதிரை. போர்க்குதிரையைக் களைக்கவிடாமல், மேலே ஆள் ஏறாமல் கையில் பிடித்து நடத்திப் போவார்கள்.

இவ்வளவு செய்தும் தரை ஒத்துழைக்காவிட்டால் ஒன்றுமில்லை. 1302-இல் கோர்த்ரே போரில் ஓடையும் பள்ளமுமான நிலத்தில் பிரெஞ்சுக் குதிரைப்படை தடுமாற, ஃபிளாண்டர்ஸ் நகரங்களின் நெசவாளர்களும் தொழிலாளர்களும் தரையில் நின்றே அதைத் தோற்கடித்தார்கள்.

இப்படிப் போரில் இழக்க நேரும் குதிரைகளுக்காக, இங்கிலாந்து அரசர்களின் படையெடுப்புகளில் தனி ஏடு வைத்திருந்தார்கள். உடையவர் பெயர், குதிரையின் நிறம், விலை எல்லாம் அதில் இருக்கும். அரசர் பணியில் குதிரை இறந்தால் அந்த விலையை ஈடாகக் கொடுப்பார்கள். பணத்துக்காக எழுதிய கணக்குத்தான். இருந்தாலும், கூட நடந்த சாதாரண ஆட்களில் எத்தனையோ பேரின் பெயர்கூட மிஞ்சாத காலத்தில், இந்தப் பிராணிகளின் நிறமாவது எழுத்தில் நின்றிருக்கிறதே என்று எனக்கு ஒரு நிறைவு.