இரு செய்தியறைகளும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

2009 செப்டம்பர் 30

மலேசிய அரசாங்கத்துக்கு முழு உரிமையான 1எம்டிபி நிறுவனத்திடமிருந்து 100 கோடி அமெரிக்க டாலர் வெளியே போன நாள் இது. பெட்ரோசவூதி என்ற நிறுவனத்தோடு கூட்டு வைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கூட்டு நிறுவனத்தின் கணக்குக்கு வந்து சேர்ந்தது 30 கோடி. மீதி 70 கோடி ஜூரிக் நகரில் ஆர்பிஎஸ் கூட்ஸ் வங்கியில் இருந்த குட் ஸ்டார் என்ற நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. குட் ஸ்டார் சேஷெல்ஸ் தீவுகளில் பதிவானது. அதன் பின்னால் இருந்தவர் ஜோ லோ எனப்படும் பினாங்கு வணிகர். 1எம்டிபியின் ஆலோசனை வாரியத் தலைவராக இருந்தவர் அன்றைய பிரதமரும் நிதியமைச்சருமான நஜிப் ரசாக். பணம் போன வழி ஐந்து ஆண்டுக்கு மேல் வெளியே தெரியவில்லை.

2010

கிளேர் ரியூகாசல் பிரவுன் லண்டனிலிருந்து ‘சரவாக் ரிப்போர்ட்’ இணையதளத்தைத் தொடங்கினார். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் பிறந்தவர், முன்பு பிபிசியில் செய்தியாளராக இருந்தவர். முதலில் அவர் எழுதியது சரவாக் காடழிப்பைப் பற்றியும் அதில் ஆதாயம் கண்டவர்களைப் பற்றியும். கோலாலம்பூரில் ‘தி எட்ஜ்’ வேறு வகைப் பத்திரிகை. பங்குச் சந்தை, கம்பெனிக் கணக்கு, கடன் பத்திரம் ஆகியவற்றை வரி வரியாகப் படிப்பவர்கள் நடத்திய வார இதழ். தோங் கூய் ஓங் உரிமையாளர்; 1எம்டிபி செய்திகளின் காலத்தில் ஹோ கே தாட் வெளியீட்டாளர். ஒன்று அரசாங்க உரிமம் இல்லாமல் கடல் தாண்டி இயங்கியது. மற்றொன்று உள்துறை அமைச்சின் அச்சு உரிமத்தோடு, விளம்பரத்தை நம்பி உள்நாட்டில் இயங்கியது. ஒரே செய்தியை யார் முதலில் வெளியிடுவது என்று முந்திக்கொள்ள வேண்டிய இரண்டும் பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்ததே இந்த வழக்கின் உயிர்நாடி.

2014, ஜிமா

சிரம்பானுக்குத் தெற்கே ராசா, மம்பாவ் வழியாகப் போர்ட்டிக்சனுக்குப் போகும் பாதையை ஒட்டிய வட்டாரத்தில், கடலோரத்தில் ஜிமா நிலக்கரி மின் நிலையம் நிற்கிறது. 1,400 மெகாவாட் திறன். இந்த ஆண்டில் அதன் 75 விழுக்காட்டுப் பங்கை 1எம்டிபி ஏறத்தாழ 120 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. 2012-இல் தஞ்சோங் எனர்ஜியை 850 கோடிக்கும் கெந்திங் சன்யெனை 230 கோடிக்கும் மேலாகவும் வாங்கியிருந்தது. 2012-இன் அந்த இரு கொள்முதல்களுக்கென்று சொல்லியே கோல்ட்மன் சாக்ஸ் வங்கி வழியாக முதல் டாலர் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. 2012, 2013 ஆண்டுகளில் மூன்று தவணையாகத் திரட்டிய 650 கோடி டாலருக்கு அந்த வங்கி பெற்ற கட்டணமும் வருவாயும் 60 கோடி டாலரை ஒட்டியது. இவ்வளவு பெரிய கட்டணம் ஏன் என்ற கேள்வியைத் தி எட்ஜ் பக்கம் பக்கமாக எழுப்பியது. கையில் கசிந்த ஆவணம் எதுவும் இல்லாத நாளில், கணக்கறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எழுப்பிய கேள்வி அது.

ராசா வட்டாரத்தின் பழைய தோட்டக் குடும்பங்களுக்கு, பொதுப்பணம் பாதி வழியில் கைமாறுவது கேள்விப்படாத கதை அல்ல. 1980-களில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி (மஇகா) தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் நாடெங்கும் ஏறத்தாழ 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். திரண்ட தொகை 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. அதில் பால்மரம் வெட்டியவர்களின் சேமிப்பு இருந்தது, அடகு வைத்த நகை இருந்தது. 1990-இல் தெலிகோம் தொலைபேசி நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தபோது மைக்காவுக்கென ஒதுக்கப்பட்டவை ஒரு கோடி. கைக்கு வந்தவை பத்து லட்சம். மீதி 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது 1992-இல் வெளிவந்தது. மைக்காவால் அத்தனை பணத்தைத் திரட்ட முடியவில்லை என்பது கட்சித் தலைவர் ச. சாமிவேலு தரப்பின் விளக்கம். அவர் மீது குற்றவியல் வழக்கு எதுவும் வரவில்லை. அந்தக் காலத்துத் தமிழ் நாளிதழ்கள் மஇகாவின் பிளவுகளையொட்டிப் பிரிந்து நின்றன. ‘தமிழ் நேசன்’ தலைவரின் குடும்பத்துக்கே உரியதாக இருந்தது. ஒரு பத்திரிகை குற்றம் சொன்னால் மற்றது மறுத்தது. இரண்டு செய்தியறைகள் சேர்ந்து உட்கார்ந்து பங்கு ஒதுக்கீட்டுத் தாள்களைச் சரிபார்த்திருந்தால் பங்குதாரர்களுக்கு உண்மை கிடைத்திருக்கும். அவர்களுக்குக் கிடைத்ததோ கட்சிச் சண்டையின் செய்தி. 2010-இல் ஒரு பங்குக்கு 80 காசு என்று தனியார் ஒருவரின் நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்த பிறகுதான் பலரும் போட்ட பணத்தில் ஒரு பகுதியையாவது பார்த்தார்கள்.

2014 ஜூன், பாங்காக்

பெட்ரோசவூதியில் முன்பு வேலை செய்த சுவிஸ் நாட்டவர் சேவியர் ஜூஸ்தோ, ரியூகாசல் பிரவுனைச் சந்தித்தார். நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வரிலிருந்து எடுத்த ஏறத்தாழ 90 ஜிகாபைட் தரவு அவரிடம் இருந்தது. அதற்கு அவர் கேட்ட விலை 20 லட்சம் டாலர். தனி ஆளாக இணையதளம் நடத்துபவரிடம் அவ்வளவு பணம் ஏது? தேடலில் மாதங்கள் ஓடின.

2015 பிப்ரவரி, சிங்கப்பூர்

தோங், ஹோ, ரியூகாசல் பிரவுன், ஜூஸ்தோ ஆகியோர் ஓட்டலில் கூடினார்கள். பணம் தருவதாகத் தி எட்ஜ் தரப்பு ஒப்புக்கொண்டது. தரவின் பிரதி இரு செய்தியறைகளுக்கும் போனது. மின்னஞ்சல்கள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல்.

இப்படி ஆவணம் கைமாறுவதற்குத் தமிழகம் அறிந்த முன்னுதாரணம் உண்டு. போஃபர்ஸ் பீரங்கிப் பேரத்தின் தாள்களைச் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி திரட்டிய சித்ரா சுப்ரமணியமும் சென்னையில் என். ராமும் 1988 முதல் ‘தி இந்து’வில் எழுதினார்கள். 1989 அக்டோபரில் பத்திரிகை அந்தத் தொடரை நிறுத்தியது. ராம் வெளிப்படையாகக் கண்டித்தார். சித்ரா மீதி ஆவணங்களை எடுத்துக்கொண்டு, அதே மவுண்ட் ரோட்டில் இந்துவின் போட்டியாளராக இருந்த ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ஸுக்கும் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மேன்’ இதழுக்கும் போனார். ஒரு வாசல் மூடினால் செய்தி அடுத்த வாசலில் நுழைய வேண்டும் என்றால், அடுத்த வாசல் என்று ஒன்று இருக்க வேண்டும். போஃபர்ஸில் அது நெருக்கடியில் அமைந்தது. சிங்கப்பூரில் அதையே முன்கூட்டித் திட்டமிட்டார்கள்.

2015 பிப்ரவரி 28

சரவாக் ரிப்போர்ட் முதலில் வெளியிட்டது. லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ மறுநாள் அதே செய்தியை அச்சில் கொண்டுவந்தது. குட் ஸ்டாருக்குப் போன 70 கோடி டாலர் அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. தி எட்ஜ் உடனே வெளியிடவில்லை. ஆவணங்கள் திருத்தப்படவில்லை என்று உறுதி செய்வதும், வங்கிப் பரிமாற்றங்களோடு மின்னஞ்சல்களை ஒப்பிடுவதும் மாதக்கணக்கான வேலை. வெளிநாட்டில் இருப்பவர் முந்த, உள்நாட்டில் சட்டத்துக்கு உட்பட்டவர் நிதானமாகச் சரிபார்க்கும் இந்த வேலைப் பிரிவினை கூட்டணியின் பெரிய பலமாக இருந்தது.

2015 ஜூன் 22

தாய்லாந்து போலீஸ் ஜூஸ்தோவைக் கோ சமூய் தீவில் கைது செய்தது. ஆகஸ்டில் பாங்காக் நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை விதித்தது. 2016 டிசம்பரில் விடுதலையானார். பேசிய பணம் அவருக்குத் தரப்படவே இல்லை. ஆவணங்களைப் பெறுவதற்காக அவரைத் தவறாக நம்பவைத்ததைத் தி எட்ஜே பின்னர் வெளிப்படையாகச் சொன்னது. பொதுநன்மையை அது காரணம் காட்டியது. மலேசிய மக்களுக்குக் கிடைத்த நன்மை உண்மைதான்; ஆனால் அதற்கான விலையைச் சிறையில் கொடுத்தவர் செய்தி கொண்டுவந்தவர். இந்தக் கூட்டு முயற்சியில் இதுவே பெரிய குறை.

2015 ஜூலை 2

‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ களத்தில் இறங்கியது. நஜிப்பின் தனிக் கணக்குகளுக்கு 70 கோடி டாலர் அளவுக்கு, அதாவது 260 கோடி வெள்ளி, வந்ததாக எழுதியது. சரவாக் ரிப்போர்ட்டும் அதையே வெளியிட்டது. தனிநலனுக்காகப் பணம் எடுக்கவில்லை என்று நஜிப் மறுத்தார். சவூதி நன்கொடை என்ற விளக்கம் பின்னால் வந்தது. ஸ்டார், உத்துசான் போன்ற முக்கிய நாளிதழ்கள் ஆளும் கட்சிகளின் உடைமையில் இருந்த நாட்டில், ராசா கடையில் பேப்பர் வாங்கியவர் இதைக் கைப்பேசியில்தான் முழுமையாகப் படிக்க முடிந்தது.

2015 ஜூலை 19 முதல் 28 வரை

19-ஆம் தேதி சரவாக் ரிப்போர்ட்டை மலேசியாவில் முடக்கினார்கள். அடுத்த நாள் தி எட்ஜ் தன் விரிவான அறிக்கையை வெளியிட்டது. 24-ஆம் தேதி அதன் வார இதழுக்கும் நாளிதழுக்கும் மூன்று மாதத் தடை வந்தது. 28-ஆம் தேதி, 1எம்டிபி விசாரணையில் பங்கெடுத்த சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டாயில் பதவியிழந்தார். கேள்வி கேட்ட துணைப் பிரதமர் முகிதீன் யாசின் நீக்கப்பட்டார். இரு பக்கமும் அடைபட்ட பிறகும் செய்தி நிற்கவில்லை. ஆவணம் ஒரே அலுவலகத்தில் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளில் எல்லாம் முடிந்திருக்கும்.

2015 செப்டம்பர் 21

கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தி எட்ஜ் மீதான தடையை ரத்து செய்தது. நவம்பரில் ஜிமா உள்ளிட்ட 1எம்டிபியின் மின் நிலையங்களைச் சீன அரசு அணுசக்தி நிறுவனம் ஒன்று 983 கோடி வெள்ளிக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. கடன்களும் அதோடு போயின.

2016 மார்ச் 14

தி எட்ஜ் குழுமத்தின் இணைய நாளிதழ் ‘தி மலேசியன் இன்சைடர்’ மூடப்பட்டது. பிப்ரவரி இறுதியிலேயே அதை முடக்கிவிட்டிருந்தார்கள். நஜிப் குற்றமற்றவர் என்று புதிய சட்டத்துறைத் தலைவர் ஜனவரி 26-இல் அறிவித்திருந்தார். உள்நாட்டில் இது இருண்ட காலம்.

2016 ஜூலை 20

அமெரிக்க நீதித்துறை உரிமையியல் வழக்குத் தொடுத்தது. 350 கோடி டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக மனு சொன்னது. செய்தியறைகள் ஓராண்டுக்கு முன்பே எழுதிய குட் ஸ்டார் பரிமாற்றம் அதில் வரிசைப்படி வந்தது.

2018 மே 9

பொதுத் தேர்தலில் நஜிப்பின் தேசிய முன்னணி சுதந்திரத்துக்குப் பின் முதல் முறையாக ஆட்சியை இழந்தது. சரவாக் ரிப்போர்ட் மீதான முடக்கம் அதே மாதம் நீங்கியது.

2020 ஜூலை 28

எஸ்ஆர்சி இன்டர்நேஷனல் வழக்கில் நஜிப்புக்கு 12 ஆண்டுச் சிறை, 21 கோடி வெள்ளி அபராதம். ராசா மக்களுக்கு மிக நெருங்கிய வழக்கு இதுதான். எஸ்ஆர்சி முதலில் 1எம்டிபியின் துணை நிறுவனம். அரசாங்க ஊழியர்களின் ஓய்வூதியச் செலவுக்கு உதவ 2007-இல் அமைந்த கேவாப் நிதியிலிருந்து, அரசாங்க உத்தரவாதத்தோடு, 400 கோடி வெள்ளி கடன் வாங்கியது. அதன் பணத்தில் 4 கோடியே 20 லட்சம் நஜிப்பின் கணக்குகளுக்குப் போனதை நீதிமன்றம் ஏற்றது. அந்த நிதி இருப்பது ராசா சாலையில் உள்ள துவாங்கு ஜாபார் மருத்துவமனைத் தாதியர், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போன்றவர்களின் பெயரால்தான். 2022 ஆகஸ்ட் 23-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது; நஜிப் காஜாங் சிறைக்குப் போனார். 2024-இல் மன்னிப்பு வாரியம் சிறையை ஆறு ஆண்டாகவும் அபராதத்தை 5 கோடி வெள்ளியாகவும் குறைத்தது.

2024 ஆகஸ்ட் 28

சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனா நகரில் கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றம் பெட்ரோசவூதி நிர்வாகிகள் இருவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தாரிக் ஒபைதுக்கு ஏழு ஆண்டு, பேட்ரிக் மஹோனிக்கு ஆறு ஆண்டு சிறை. முதல்நிலைத் தீர்ப்புதான் இது. சிங்கப்பூரில் இரு செய்தியறைகளும் பெற்ற ஹார்ட் டிஸ்க்கில் இருந்தவை இவர்களுடைய நிறுவனத்தின் மின்னஞ்சல்கள்.