பொழுது ஏறுமுன் ஒரு பட்டை பதநீர்

சித்திரை மாதத்தில் குலசேகரன்பட்டினத்துக்குப் போகிறேன் என்று சொன்னதும் எதிர் வீட்டு மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊரே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறது, நீ போயும் போயும் தேரிக்காட்டுக்கா போகிறாய்? தசராவுக்குப் போனாலாவது புண்ணியம் உண்டு!" என்றாள்.

மாமியைச் சொல்லிக் குற்றமில்லை. குலசை என்றால் நம் எல்லோருக்கும் நினைவு வருவது முத்தாரம்மன் கோவில் தசராதான். அந்தப் பத்து நாளும் காளி, குறவன், ராஜா என்று வேஷம் கட்டியவர்கள் தெருவெல்லாம் நிறைந்திருப்பார்கள். இப்போது இன்னொரு பெருமையும் சேர்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 28-ந் தேதி அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தெற்கே கடல் திறந்து கிடப்பதால், சின்ன ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றி வளைத்துப் போகாமல் நேரே போகலாமாம். இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ஆகாயத்துக்கு ஏறும் சமாசாரமல்ல; பனை உச்சியிலிருந்து இறங்கி வரும் சமாசாரம்.

அங்கே என் அப்பாவின் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டில் ஐந்தரை மணிக்கு மேல் யாரும் தூங்க முடியாது. "ஏட்டி, எந்திரி! பொழுது ஏறிட்டுன்னா பதனி பதனியா இருக்காது" என்று போர்வையை இழுத்து விடுவாள். கையில் தூக்குச் சட்டியுடன் அவள் முன்னே நடக்க, நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னே போவேன். ஒரு பக்கம் கடற்காற்று. மறுபக்கம் குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போல் தேரி மணல். விடியற்காலையில் அந்த மணல் பாதத்துக்குச் சில்லென்று இருக்கும். பத்து மணிக்கு மேல் அதே மணலில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள், அப்புறம் ஊட்டிக்காரர்களே புத்திசாலிகள் என்பீர்கள்!

பனையேறுகிறவருக்கு வயது அறுபத்திரண்டு. நான் அவரை அண்ணாச்சி என்பேன். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார், மரத்தோடு உராய்ந்து உராய்ந்து காய்த்துப் போன மார்பு. அறுபது அடி மரத்தில் அவர் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்குத்தான் மூச்சு வாங்கும். காலையும் மாலையும் ஏறிப் பாளையின் நுனியை மெல்லிய இதழாகச் சீவிவிட்டு வர வேண்டும். ஒரு வேளை தவறினாலும் பாளை கோபித்துக்கொள்ளுமாம். உள்ளே சுண்ணாம்பு பூசிய கலயத்தில் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது பதநீர். அந்தச் சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது பதநீராக நில்லாது, கள்ளாகிவிடும்.

இறங்கி வந்ததும் அண்ணாச்சி ஒரு குருத்தோலையை மடித்து, நுனியைக் கட்டி, பட்டை பிடித்து என் கையில் கொடுப்பார். அதில் பதநீரை ஊற்றுவார். அத்தை மடியிலிருந்து ஒரு மாங்காயை எடுத்துக் கீறிப் போடுவாள். நுங்கு வெட்டியிருந்தால் அதையும் விரலால் நோண்டிப் போட்டுக்கொள்ளலாம். ஓலை வாசமும், சுண்ணாம்பின் லேசான காரமும், மாங்காய்ப் புளிப்பும், அந்தத் தித்திப்பும்! இளநீரைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. கரும்புச் சாற்றைச் சொல்லியும் முடியாது. இரண்டு பட்டை குடித்துவிட்டால் இட்லியின் ஞாபகமே வராது.

"இதை ஒரு பாட்டிலில் கொண்டு வரக்கூடாதா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அத்தை சிரித்தாள். பிடிவாதமாக ஒரு பாட்டில் நிறைய அடைத்து, ஐஸ் கட்டி வைத்து, திருச்செந்தூரில் ரயில் ஏறினேன். நடு ராத்திரியில் மூடி 'டப்' என்று எகிறியது. பெட்டி முழுதும் வாசனை! எதிர் இருக்கைப் பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பார்த்தால் குடும்பப் பெண்ணாக இருக்கிறாய்..." என்று ஆரம்பித்தார். விடிய விடிய நான் தலை நிமிரவில்லை.

ஊர் விட்டு ஊர் வரக்கூடியது கருப்பட்டிதான். குலசைக்குப் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்குப் பேரே தனி. இந்தப் பனை வெல்லத்தை நம்பி ஒரு காலத்தில் குலசையில் சர்க்கரை ஆலையும், திசையன்விளை வரை போய் வந்த குட்டி ரயிலும் இருந்தன. 1940-ல் ரயில் நின்றுவிட்டது. விடிலியில் அடுப்படி வேலை மதினியுடையது, அதாவது அண்ணாச்சியின் சம்சாரத்துடையது. பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தேறும், அவ்வளவுதான். பொங்கி வழியப் பார்த்தால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுகிறாள்; நுரை அடங்கிவிடுகிறது. பாகு பதமானதும் சிரட்டையில் ஊற்றி ஆற வைக்கிறாள். முழுக்கக் கெட்டியாகுமுன் வழிக்கும் பாகு கூப்பனி. அதைத் தோசையோடு தின்றவர்களுக்குச் சட்னி வேண்டியதில்லை.

இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மதினி விலை சொன்னபோது நான் பட்டணத்துப் புத்தியைக் காட்டினேன். "எங்கள் கடைத்தெருவில் இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே!" என்றேன். மதினி பதில் பேசவில்லை. புகையில் சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடை போட்டதற்கு மேல் ஒரு சில்லு எடுத்து வைத்தாள். வீட்டுக்கு வந்ததும், நான் சென்னையிலிருந்து கொண்டு வந்திருந்த கருப்பட்டியை அத்தை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இது சீனிட்டி! சீனியைக் காய்ச்சிக் கலந்து சிரட்டையில ஊத்தியிருக்கான்" என்றாள். மதினியின் அடுப்புக்கு எதிரே நான் நிறுத்திய பாதி விலை அதுதான். மறுநாள் போய்ச் சொன்ன விலைக்கு மேலும் இரண்டு கிலோ வாங்கினேன். அதனால் என் வெட்கம் தீரவில்லை.

அன்றுதான் அண்ணாச்சியிடம் கேட்டேன். "முந்தி நாப்பது பன ஏறினேன் தாயி. இப்ப பதினெட்டு. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். நல்லா இருக்கட்டும்" என்றார்.

"அடுத்த வருஷம் ஏறுவீங்களா, அண்ணாச்சி?"

"அத முழங்காலுகிட்டல்லா கேக்கணும்!" என்று சிரித்தார். மதினி சிரிக்கவில்லை.

பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. நல்லதுதான். மரம் நிற்கும். ஆவணியில் தானாகப் பழம் விழும். புதைத்து வைத்தால் தையில் கிழங்கும் கிடைக்கும். இதற்கெல்லாம் யாரும் ஏற வேண்டாம். ஆனால் பதநீர் தானாக விழாதே!

ஊர் திரும்பியதும் எதிர் வீட்டு மாமிக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது டம்ளர் கேட்டாள். அடுத்த சித்திரைக்குத் தன்னையும் அழைத்துப் போக வேண்டுமாம்! நான் பிடி கொடுக்காமல் இருந்தேன், என்ன சொல்வது?

போன வாரம், மாசி பிறந்ததும் அத்தை போன் செய்தாள். சௌக்கியம் விசாரித்து, மழையைப் பற்றிச் சொல்லி, ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லி, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"ஏட்டி, பாளை விட்டிருக்கு. அவன் திண்ணையில உக்காந்து புதுத் தளைநார் முறுக்கிட்டு இருக்கான். பத்துப் பனைதான் ஏறுவானாம். நீ டிக்கெட்டு எடுத்துட்டியா?"

இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.