அம்மா நின்று பார்க்காத விடியல்

நேற்று மாலை ரந்தாவ் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக் குளக்கரையில் படமெடுக்க இடம் பார்த்துவிட்டு வந்தேன். நீரை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் செம்மண் மேடு. மழையில் விளிம்பு இளகியிருந்ததால், நான்கடி உள்ளே தள்ளிக் கேமரா நிறுத்தக் கல் வைத்து அடையாளம் செய்தேன். இருட்டில் போய் இடம் தேடுவது ஆபத்து.

இன்று காலை ஆறரைக்கே அங்கே இருந்தேன். 1982 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அதனால் நமக்குச் சூரியன் வர ஏழு மணி ஆகிவிடும். குளிர்ந்த காற்று பட்டு, குளத்திலிருந்து மூடுபனி மெல்ல எழுந்தது.

காத்திருந்தபோது அம்மா நினைவுக்கு வந்தார். இதே இருட்டில் பெரட்டு என்னும் காலை வருகைப் பதிவுக்குப் போய், நெற்றியில் விளக்குக் கட்டிப் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். இந்த விடியல் தினமும் அவர் கண்முன்தான் விரிந்தது. நின்று பார்க்கத்தான் நேரமில்லை.

இப்போது அக்கரையில் ரப்பர் இல்லை, செம்பனை. கோயில் கோபுரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதன் பிம்பம் நீரில் விழும் கோணத்துக்காகவே அந்த மேட்டைத் தேர்ந்தேன்.

உங்கள் தோட்டத்துக் குளம் இன்னும் இருந்தால், அம்மா அப்பாவோடு ஒரு விடியலில் போய் நில்லுங்கள்.