கீழ்ப்பக்கம்

ஏப்ரல் 8, சின்னக்கானல்

கோடை மழை விட்டும் பனிமூட்டம் விலகவில்லை. லயத்து முனையில் நிற்கும் சில்வர் ஓக்கூடத் தெரியவில்லை. ஆறரைக்கு யானை நடமாட்டம் பார்க்கும் வாச்சர் போன் போட்டார். "சக்கைக்கொம்பன் ரோட்டோரமா நிக்கிறான், வெளிய வராதீங்க." பால் வாங்கக் கிளம்பிய மருமகளை நிறுத்திவிட்டேன். கட்டஞ்சாயா போதும்.

ஏப்ரல் 9

நேற்று வாச்சர் முன்கூட்டிச் சொன்னதில் பழைய கதை ஒன்று நினைவு வந்தது. 1942இல் இதே நாள் காலை 7:06க்குத் திருகோணமலை எலிசபெத் முனையிலிருந்த பிரிட்டிஷ் ரேடார், ஜப்பானிய விமானங்களைச் சுமார் 90 மைல் தள்ளியே பிடித்துவிட்டது. ரேடியோ அலையை வீசிவிட்டு, பட்டுத் திரும்பும் எதிரொலிக்குக் காத்திருக்கிற வேலைதான். திரும்பிவர ஆகும் நேரத்தில் தூரம் தெரிந்துவிடும். உடனே ஹரிக்கேன் விமானங்கள் மேலேறின.

நான்கு நாள் முன்பு, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டபோது அங்கும் ரேடார் இருந்தது. ஆனால் இரத்மலானை விமானிகளுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. தலைக்கு மேலே எதிரியைப் பார்த்த பிறகுதான் விமானத்துக்கு ஓடினார்கள்.

திருகோணமலையும் ஒன்றும் தப்பிவிடவில்லை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி, 300க்கு மேற்பட்டோர் செத்தார்கள்.

போன வருடம் திருகோணமலைக்குப் போனபோது ரேடார் இருந்த இடம் எது என்று விசாரித்தேன். நான் கேட்டவர்கள் எல்லாரும் கோணேசர் கோயிலுக்கு வழி சொன்னார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அது நடமாடும் நிலையம். வண்டியில் வந்தது வண்டியிலேயே போயிருக்கும்.

ஆட்டோக்காரத் தம்பி சீனக்குடாவுக்குக் கூட்டிப்போனார். பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 101. இப்போது நிற்பவை 99. இல்லாமல் போனதில் ஒன்று 91ஆம் எண். 1942இல் அந்தத் தாக்குதல் நாளில் ஒரு ஜப்பானிய விமானம் மோதியதில் அது ஒரு வாரம் எரிந்ததாம். கனத்த இரும்புத் தகடு எண்ணெயில் போட்ட அப்பளம்போலச் சுருண்டு, துருவேறிக் கிடக்கிறது. மடிப்புக்குள் ஓர் ஓணான்.

பார்த்துச் சொன்னதற்கு அடையாளம் இல்லை. அடிபட்டது மட்டும் கிடக்கிறது.

ஏப்ரல் 10

2023 ஏப்ரல் 29இல் இங்கே அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துக் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டினார்கள். இதில் எதிரொலி கிடையாது. இருக்கும் இடத்தை அவன் கழுத்தே சொல்லும். அந்தக் காலரோடுதான் மே 27 காலையில் கம்பம் தெருவில் ஓடினான்.

இன்று கரண்ட் இல்லை, டவரும் படுத்துவிட்டது. வாச்சர் கூப்பிட்டாலும் கேட்காது. இருட்டும் நேரம் பக்கத்து லயத்தில் தகரம் தட்டும் சத்தம்.

"எந்தப் பக்கம்ப்பா?"

"கீழ்ப்பக்கம் மாமா, கீழ்ப்பக்கம்!"