எடை மேடையில் ஒரு படிப்பு

எங்கள் பக்கத்து ஜனங்கள் எதையும் எடை போடாமல் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். அரியலூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை. சிமெண்டு ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக் கல்லைக்கூட லாரியோடு எடை மேடையில் நிறுத்தி, பிறகு வெறும் லாரியை நிறுத்தி, கழித்துப் பார்த்துத்தான் கணக்கு எழுதுகிறார்கள். படிப்பை எடை போடத்தான் ஒரு மேடை கட்ட யாருக்கும் தோன்றவில்லை!

அப்படி ஒன்று இருந்திருந்தால், அரியலூரில் என் அக்கா வீட்டில் மூன்று நாள் சண்டை மிச்சமாகியிருக்கும்.

அக்காவின் பெண் ப்ளஸ் டூ தேறியிருந்தாள். மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, "ஸினிமாப் படிப்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அடுத்த வீட்டு அம்மாள் அதைக் கேட்டு, "ஹீரோயின் ஆகப் போறியாடி?" என்று விசாரித்தாள். அது அல்ல அவள் ஆசை. படத்தைத் தொகுக்கிற எடிட்டிங் வேலை கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

சென்னையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் பளபளப்பான காகிதம் மேஜைமேல் கிடந்தது. மூன்று வருஷப் பட்டப் படிப்பு. வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய். அக்காவின் பெயரில், எங்கள் அம்மா கொடுத்த ஒன்றரை ஏக்கர் நிலம் பெரம்பலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை விற்றுவிடலாம் என்பது அக்காவின் கட்சி. அது பெண்ணின் கல்யாணத்துக்கு என்று வைத்திருக்கிற சொத்து, தொடக்கூடாது என்பது மாமாவின் கட்சி. பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் என்னை வரவழைத்திருந்தார்கள்.

காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். கட்டணம் 9 லட்சம். ஹாஸ்டல், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் மாதம் 10,000 என்று வைத்தாலும் மூன்று வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். கம்ப்யூட்டர், குறும்படம் எடுக்கிற செலவு என்று இன்னொரு 1 லட்சத்து 40 ஆயிரம். ஆக மொத்தம் 14 லட்சம்.

"இதையே 7 சதவீத வட்டிக்குப் போட்டு வைத்தால் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் தானாக வரும். அதற்குச் சாப்பாடு போடவேண்டாம், ஹாஸ்டல் பிடிக்கவேண்டாம்!" என்றார் மாமா. சிமெண்டு ஆலைக்குக் கல் ஏற்றும் லாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர் அவர். சொன்னது பொய் அல்ல.

சரி, இந்தப் படிப்புக்கு என்னதான் மதிப்பு? ஸினிமா உலகத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் சாட்சிகள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்.

கே. பாலசந்தர் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு நாடகம் போட்டவர். மணிரத்னம் படித்தது நிர்வாகப் படிப்பு. 1936-ல் 'மிஸ் கமலா'வை இயக்கிய டி.பி. ராஜலட்சுமி எந்தக் கல்லூரியில் டைரக்‌ஷன் படித்தார்? 1985-ல் 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பி.ஆர். விஜயலட்சுமி, அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். அவர் டைரக்டர் பி.ஆர். பந்துலுவின் மகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டிலேயே ஸினிமா இருந்தால் கல்லூரிக்கு அவசியம் குறைவு.

மறு பக்கத்தையும் பாருங்கள். சென்னையில் 1945-லேயே பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அதுதான் பிற்பாடு அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட் என்று பெயர் வாங்கி, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் நடக்கிறது. பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். அந்த மாணவர்கள் கூடி எடுத்த 'ஊமை விழிகள்' 1986-ல் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. பூனாவில் 1960-ல் தொடங்கிய இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்கள் பாலு மகேந்திராவும், 2009-ல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கார் வாங்கிய ரசூல் பூக்குட்டியும்.

இந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்குகிறது. படிக்காமலே கொடி நாட்டியவர்களில் டைரக்டர்கள் அதிகம். கேமரா, ஒலிப்பதிவு என்று கருவியைக் கையாளுகிற வேலைகளில் படிப்பு கைகொடுக்கிறது. எடிட்டிங்கும் அந்த வகைதான்.

ஆனால் பட்டம் கைக்கு வந்த மறுநாள் சம்பளம் வந்துவிடாது. பாங்கியில் வேலை என்றால் முதல் தேதி சம்பளம் உண்டு. ஸினிமாவில் புதிதாக வருகிறவருக்குப் பெரும்பாலும் வேலை நடக்கிற நாளுக்குப் பேட்டா. படம் நின்றுபோனால் அதுவும் நின்றுபோகும். சங்கத்தில் சேரத் தனியாகப் பணம் கட்டவேண்டும். டெலிவிஷன், விளம்பரப் படம், இணையத் தொடர்கள் என்று இப்போது கதவுகள் அதிகம் என்பது வாஸ்தவம். ஆனாலும் முதல் இரண்டு மூன்று வருஷம் சென்னையில் வாடகை கொடுக்க யாராவது ஊரிலிருந்து பணம் அனுப்பத்தான் வேண்டும். கல்லூரிக் காகிதத்தில் இந்தச் செலவு அச்சாவதில்லை.

பாங்கிக் கடனையும் யோசித்தோம். 7 லட்சத்து 50 ஆயிரம் வரை ஈடு இல்லாமல் கல்விக் கடன் கொடுக்க அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. படிக்கிற காலத்தில் தவணை கட்டவேண்டாம். ஆனால் வட்டி தூங்குவதில்லை. 7 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து வருஷத்தில் அடைப்பதென்றால், மாதம் ஏறக்குறைய 9,250 ரூபாய் கட்டவேண்டும். படிக்கும்போது ஏறிய வட்டி வேறு. பேட்டாவில் அது சாத்தியமா?

"பார்த்தாயா?" என்பதுபோல் மாமா அக்காவைப் பார்த்தார்.

அதுவரை வாய் திறக்காமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, இவ கல்யாணத்துக்கு மண்டபம், சாப்பாடு, நகை, சீர் எல்லாம் சேர்த்தா பதினாலு லட்சத்துக்குக் குறையுமா? அது எத்தனை வருஷத்துல திரும்பி வரும்னு இந்தத் தாள்ல போட்டுக் காட்டேன்!"

நான் பேனாவை மூடி வைத்தேன். மாமா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

அக்காவின் கேள்வி நியாயமானது. வீட்டில் எத்தனையோ செலவுகள் கணக்கே இல்லாமல் நடக்கின்றன. பெண் ஆசைப்பட்டுப் படிக்கிறேன் என்றால் மட்டும் தாளும் பேனாவும் வந்துவிடுகின்றன. ஆனால் கல்யாணத்துக்கு நியாயமாக இல்லாத கணக்கு, படிப்புக்கும் வேண்டாம் என்று ஆகிவிடாது. நிலம் போனால் அக்காவுக்குச் சொந்தமென்று சொல்ல வேறு ஒன்றும் இல்லை. குத்தகைக்காரர் கொடுக்கிற பணத்தில்தான் அவள் யாரிடமும் கேட்காமல் ஒரு புடவை எடுக்கிறாள்.

கடைசியில் வழி சொன்னவள் அந்தப் பெண்தான். "சித்தி, தரமணி அரசாங்கக் காலேஜில் எடிட்டிங் நாலு வருஷப் பட்டப் படிப்பு இருக்கு. கட்டணம் ரொம்பக் குறைச்சல். இடம் கொஞ்சம்தான். அங்கே கிடைச்சால் போறேன். கிடைக்காவிட்டால் இங்கே அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்துக்கிட்டு, ஸ்டூடியோவில் வேலை கத்துக்கறேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டி, அந்த லீவில் அவள் 6,000 ரூபாய் சம்பாதித்திருந்தாள். அதை எங்கள் தாளில் யாரும் வரவு வைக்கவில்லை!

தரமணியில் அவளுக்கு அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை. பி.காம். படிக்கிறாள். காலையில் கல்லூரி, மாலையில் ஸ்டூடியோ. முகூர்த்த மாதங்களில் ராத்திரி பதினொரு மணிக்கு மாமாவே போய் ஸ்கூட்டரில் அழைத்து வருகிறார். சென்ற முறை நான் போயிருந்தபோது, "இந்த இடத்தில் நாதஸ்வரம் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பிக்கணும், மாத்திச் செய்திருக்கிறாள் பார்" என்று எனக்கு அவர்தான் கம்ப்யூட்டரில் காட்டினார்.

பட்டம் முடித்த பிறகும் ஆசை இருந்தால் மறுபடி பார்க்கலாம் என்று பேச்சு. அப்போதும் அக்கா எனக்கு ஆள் அனுப்புவாள். இந்த மாதிரிக் கணக்கோடு தவிக்கிற தாய்மார்களுக்கு என் யோசனை இதுதான்: ஸினிமா வேலை கிடைக்காமல் போனாலும், வேறு ஒரு சாதாரண வேலையின் சம்பளத்தில் அடைக்க முடிகிற அளவுக்குமேல் கடன் வாங்காதீர்கள். கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அங்கே படித்து வெளியே வந்த நாலு பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, இப்போது வாடகை யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பெண் தானாகச் சம்பாதித்த ஆறாயிரத்தையும் மறக்காமல் தாளில் எழுதுங்கள்.