ஓசை ஒடுங்கும் இடம்

பாட்டைத் தொடங்குவதைவிட முடிப்பதே கடினம் என்று எங்கள் பஜனைக் குழுவின் ஆர்மோனியக்காரர் அடிக்கடி கூறுவார். இறுதி அடி முடிந்ததும் அவர் விரல்களைச் சட்டென்று எடுக்கமாட்டார். துருத்தியை அசைப்பதை மெல்லக் குறைப்பார். காற்று அடங்க அடங்க நாதமும் அடங்கும். அதன் பின்னரே "அரோகரா" எழும்.

அவர் முருகன் திருவடி சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பழனி வட்டாரத்திலுள்ள எங்கள் தொப்பம்பட்டியில் அவர் இடத்துக்கு வேறொருவர் அமையவில்லை. ஆகவே, கிருத்திகைதோறும் பாடும் திருப்புகழுக்குக் கணினியில் அமைத்த பின்னணி இசையை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டு பாடி வருகிறோம்.

சுருதியும் தாளமும் பிசகுவதில்லை. ஆயினும் முடிவில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பல சுரங்களை ஒருசேர அழுத்தும் 'கார்டு' இடிபோல் விழுந்து, உடனே அறுந்துவிடும். எண்பது வயதைக் கடந்த பாட்டியம்மாள் ஒருவர் கடைசி அடியைத் தனியே நீட்டிப் பாடுவது எங்கள் குழுவின் நெடுநாள் வழக்கம். நூலிழை போன்ற அவர் குரல் அவ்வோசையில் மறைந்து போயிற்று. "இனி நீங்கள் பாடுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று அவர் ஒதுங்கி அமர்ந்தது எங்கள் நெஞ்சை வருத்தியது.

விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன், 'அடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளில் அவ்விசையைத் திறந்தான். மூலத்துக்கு ஒரு படி எடுத்துப் பத்திரப்படுத்திய பின், இறுதிக் கார்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஆறு டெசிபல் குறைத்தான். அலையின் உயரம் பாதியாயிற்று. ஆனால் செவிக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலி பாதியாகிவிட்டது எனச் செவி உணர ஏறத்தாழ பத்து டெசிபல் குறைய வேண்டுமாம். மேலும் நான்கு குறைத்தான். பிறகு முடிவில் சில நொடி மௌனத்தைச் சேர்த்து, 'ரிவெர்ப்' என்னும் எதிரொலியை அதன்மேல் படரவிட்டு, அதனையும் 'ஃபேட் அவுட்' கட்டளையால் படிப்படியாகத் தேய்த்தான்.

"கார்டையே எடுத்துவிடட்டுமா, தாத்தா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நாகஸ்வரத்துக்கு ஒத்தும், வாய்ப்பாட்டுக்குத் தம்புராவும் எதற்காக உள்ளன? பாடுவோர் குரல் ஓய்ந்த பின்னும் ஆதார சுருதி தாங்கி நிற்கிறது. தளர்ந்த குரலுக்கு அத்தாங்கல் இன்னும் மிகுதியாகத் தேவை. தாங்க வந்தது, குரலை மூடாமல் இருந்தால் போதும்.

அடுத்த கிருத்திகையன்று பாட்டியம்மாளை வற்புறுத்தி முன்வரிசையில் அமர்த்தினோம். அவர் தயங்கியே இறுதி அடியை எடுத்தார். கார்டு அவர் குரலுக்குக் கீழே மெத்தென்று விரிந்தது. குரல் நின்றது, கருவியின் ஒலியும் கரைந்தது. கோயில் மணியை அடித்த பின் அதன் ரீங்காரம் தேய்வதை நாம் கண்மூடிக் கேட்போம் அல்லவா, அதுபோன்ற ஓர் அமைதி மண்டபத்தில் நிலவியது.

அன்று "அரோகரா" என்று முதலில் சொன்னவரும் அந்தப் பாட்டியம்மாளே. பின்னணி இசையோடு பாடும் அன்பர்கள் தத்தம் ஊரில் ஒருமுறை கடைசி வரிசையில் அமர்ந்து பாடலின் முடிவைக் கேட்டுப் பாருங்கள். அங்கே யாருடைய குரலேனும் அமிழ்ந்து போகிறதா என்பது அப்போது விளங்கும்.